லேத்தில் மாட்டித் தேய்க்கும் கருவிகளை வீட்டிலேயே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். கதிரைக் கால், சப்பாத்திக் கட்டை, கிண்ணம், பூச்சாடி, திருவிழாக் காலத்தில் தப்புச் சட்டம் என்று வேலை வரும். பட்டறைக்கு வருகிற தம்பிமார், தச்சு பாஸ்மார், தோட்டத்து வொர்க்‌ஷொப்பில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடைகிற மெஷினில்) மாட்டியிருக்கிற தட்டையும் உருளையையும் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

லேத் சுத்தும்போது சாண்ட் பேப்பரைக் கையால பிடிச்சாலே தேயுதே. தனியா ஒரு கருவி எதுக்கு அண்ணே?

லேத்தில் கடைந்த உருண்டைப் பொருளுக்குக் கையே போதும். ஆனால் கதிரைக் காலின் அடிமட்டம், பெட்டியின் மூலை, பொம்மை வண்டியின் சக்கரம், ஒரு சட்டத்தின் உள்வளைவு இவையெல்லாம் லேத்தில் சுற்றாத பொருள்கள். அங்கே மரம் நிற்க, சாண்ட் பேப்பர் சுற்ற வேண்டும். இதற்காகத் தனியாக ஒரு மெஷின் வாங்கப் பணம் வேண்டும், பட்டறையில் இடமும் வேண்டும். லேத்தில் மோட்டார், பொருளைச் சுழற்றுகிற தண்டு, பெயரிங் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. ஒரு பலகைத் துண்டைச் சேர்த்தால் தேய்ப்பு மெஷின் கிடைத்துவிடும்.

முதல்ல எதைச் செய்யட்டும்?

தட்டைச் செய்யுங்கள். ஃபேஸ் பிளேட்டில் (லேத் தண்டில் மரையால் ஏறுகிற இரும்பு வட்டில்) முடுக்கிய வட்டப் பலகை, அதன் முகத்தில் ஒட்டிய சாண்ட் பேப்பர், முன்னால் ஒரு சின்ன மேசை. அரை நாள் வேலைதான். சாண்ட் பேப்பர் சுற்றிய உருளை இரண்டாவது. கிண்ணம் கடைகிறவர்கள் மூன்றாவதாக, தானே சுற்றும் கைப்பிடித் தேய்ப்பானைச் செய்யலாம். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் உழைத்தது அதுதான்.

தட்டு எத்தனை அங்குலம் போடலாம்?

9 அங்குலம். காரணம் கடையில் விற்கிற சாண்ட் பேப்பரின் அளவுதான். முழுத் தாள் 9க்கு 11 அங்குலம், அதாவது 230க்கு 280 மில்லிமீற்றர். 9 அங்குல வட்டம் அதில் ஒட்டுப்போடாமல் அடங்கும். 10 அங்குலம் போட்டால் இரண்டு தாளை இணைக்க வேண்டும், இணைத்த கோட்டில் மரம் தட்டித் தட்டிக் கிழியும்.

பெரிய தட்டுத்தான் வேண்டும் என்றால் முதலில் தண்டின் நடுவிலிருந்து லேத் படுக்கைவரை அளந்து பாருங்கள். தட்டின் ஆரம் அதைவிட அரை அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும்.

எந்தப் பலகை நல்லது? எம்.டி.எஃப். துண்டு சும்மா கிடக்குது.

எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, மட்டமாக இருக்கும், கடைவதும் லேசு. ஆனால் நம் பக்கத்து ஈரம் அதற்கு ஆகாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை, ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா பக்கத்தில் சுவரே வியர்க்கும். எம்.டி.எஃப். விளிம்பு அந்த ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும், ஸ்குரூ பிடித்த இடமும் பொருபொருத்துப் போகும். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அதே மாதங்களில் காய்ந்து கிடக்கும் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு.

நான் போடுவது 18 மில்லிமீற்றர் பிளைவுட். கையில் எம்.டி.எஃப். மட்டும்தான் இருக்கிறது என்றால் விளிம்புக்கும் பின்பக்கத்துக்கும் இரண்டு தடவை வார்னிஷ் அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒற்றைத் துண்டு சவுக்கு, பலாப் பலகை வேண்டாம். மரம் இழைக்குக் குறுக்காகச் சுருங்கி விரியும், ஒரு மழைக்காலம் போனால் தட்டு வட்டமாகவும் இருக்காது, மட்டமாகவும் இருக்காது.

ஃபேஸ் பிளேட்டை எவ்வளவு அளந்து வச்சாலும் நடுவுல உட்காரவே மாட்டேங்குது. தட்டு ஆடுது.

நடுவில் உட்கார வைக்க மெனக்கெட வேண்டாம். வட்டத்தை உத்தேசமாக வெட்டுங்கள், ஃபேஸ் பிளேட்டை உத்தேசமாக நடுவில் வைத்து முடுக்குங்கள், லேத்தில் மாட்டி ஓடவிட்டு விளிம்பையும் முகத்தையும் உளியால் கடையுங்கள். எந்தத் தண்டில் ஓடப்போகிறதோ அந்தத் தண்டிலேயே கடைந்த தட்டு, அந்தத் தண்டுக்கு நடுவில் இல்லாமல் இருக்கவே முடியாது. இந்தப் பக்கத்தில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உருளைக்கும் இதேதான். கடையில் வாங்கிய விலை உயர்ந்த தட்டு உங்கள் லேத்தில் ஆடலாம். உங்கள் லேத்தில் கடைந்த பிளைவுட் துண்டு ஆடாது.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஃபேஸ் பிளேட்டிலும் பலகையிலும் ஒரு ஓட்டைக்கு நேராகப் பெயின்ட் புள்ளி வையுங்கள், கழற்றினால் அதே ஓட்டைக்கு அதே ஓட்டை வர வேண்டும். அடுத்தது ஸ்குரூ. சீலிங் பலகைக்கு அடிக்கிற கறுப்பு ஸ்குரூ முறிந்துவிடும் இரும்பு, அது வேண்டாம். தடித்த மர ஸ்குரூ போடுங்கள், நுனி முகப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

முகத்தைக் கடைந்த பிறகு ஒரு நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி மயிரிழை பள்ளமாக இருந்தால் பரவாயில்லை. மேடாக இருந்தால் தேய்க்கிற எதுவும் சதுரமாக வராது.

சாண்ட் பேப்பரை எதால ஒட்டுறது? கழட்டும்போது பலகையோட தோலும் சேர்ந்து வருது.

செருப்புத் தைக்கிறவர்கள் பூசுவார்களே, அந்த மஞ்சள் கம் நல்லது. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கை ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்துங்கள். வெள்ளை பைன்டர் கம் வேண்டாம். அது தண்ணீர் கலந்தது, தாள் நனைந்து சுருங்கும், காய்ந்த பிறகு பிரிக்கவும் முடியாது.

தோல் உரியாமல் இருக்கப் பலகை முகத்தில் ஒரு ஃபோர்மைக்காத் துண்டை முதலில் ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய கதிரை, மேசையில் நிறைய கிடைக்கும். சாண்ட் பேப்பரை மாற்றும் நாளில், லேத்தை நிறுத்தி, பழைய தாள்மேல் துணி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக ஒரு நிமிடம் வைத்தால் கம் இளகும், தாள் முழுசாக உரிந்து வரும். இஸ்திரிப் பெட்டிக்கும் தாளுக்கும் இடையில் ஒரு பழைய துணி போடுங்கள், வீட்டில் சண்டை வராது.

மேசை கட்டாயம் வேணுமா? கையில பிடிச்சே தேய்ச்சுப் பழகிட்டேன்.

கட்டாயம் வேண்டும். லேத் முன்னால் நீங்கள் நிற்கும்போது சுற்றுகிற பொருளின் மேல்பக்கம் உங்களை நோக்கி வரும், உங்கள் பக்கத்துப் பாதி கீழே இறங்கும், அந்தப் பக்கத்துப் பாதி மேலே ஏறும். கீழே இறங்குகிற பாதியில் மரத்தை வைத்தால் தட்டே அதை மேசைமேல் அழுத்திக்கொடுக்கும். ஏறுகிற பாதியில் வைத்தால் மரத்தைப் பிடுங்கி முகத்துக்கு எறியும். ஆக, மேசை உங்கள் பக்கத்துப் பாதிக்கு நேரே இருக்கட்டும். அந்தப் பக்கத்துப் பாதியை ஒரு பலகையால் மூடிவிட்டால் இன்னும் நல்லது.

செய்வது எளிது. உளியைத் தாங்குகிற டூல் ரெஸ்ட் நிற்கிற குழிக்குள் இறங்குகிற தடிப்பில் ஒரு இரும்புத் தண்டு, அதன் தலையில் வெல்டிங் செய்த ஒரு தகடு, தகட்டின்மேல் 8க்கு 10 அங்குலப் பிளைவுட். மேசையின் மேல்மட்டம் தண்டின் நடுமட்டத்துக்கு வரட்டும். தட்டுக்கும் மேசைக்கும் நடுவே 2 மில்லிமீற்றர் இடைவெளி போதும். அதிகம் விட்டால் சின்னத் துண்டு உள்ளே இழுபட்டுப் போகும், விரலும் போகும். மேசை வைத்ததும் மூலைமட்டத்தை வைத்து 90 பாகை சரியா என்று பாருங்கள்.

வேகம் எவ்வளவு வைக்கணும்?

நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 சைக்கிள். அதில் ஓடுகிற சாதாரண நான்கு காந்தமுனை (4 pole) மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று. மோட்டார்ப் புல்லியும் தண்டுப் புல்லியும் ஒரே அளவானால் தண்டும் 1440. தண்டுப் புல்லி இரண்டு மடங்கு பெரிதானால் 720.

9 அங்குலத் தட்டு 1440இல் ஓடினால் விளிம்பு வினாடிக்கு 17 மீற்றர் அளவில் போகும், அது நல்ல வேகம். நைசான தாளுக்கும் பிசின் உள்ள மரத்துக்கும் 720 நல்லது, கருகாது. 2880 சுற்று மோட்டாரை நேராகப் பூட்டி வீட்டில் செய்த மரத் தட்டை ஓட்ட வேண்டாம், விளிம்பு வினாடிக்கு 35 மீற்றரைத் தொடும். 3 அங்குல உருளைக்கு 1440 தாராளம். அதன் சுற்றளவு சின்னது, மேற்பரப்பு வினாடிக்கு 6 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நகரும்.

தட்டின் நட்டநடுவில் வேகமே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் மரத்தை நகர்த்திக்கொண்டே தேய்க்க வேண்டும்.

உருளை எப்படிச் செய்றது?

இதற்கும் சாண்ட் பேப்பர்த் தாள்தான் அளவு சொல்லும். உருளை 3 அங்குலக் குறுக்களவு என்றால் சுற்றளவு 239 மில்லிமீற்றர். தாளின் நீளம் 280. மிச்சம் 41. ஒவ்வொரு ஓரத்திலும் 20 மில்லிமீற்றரை உள்ளே சொருகலாம். தாளின் அகலம் 9 அங்குலம், உருளையின் நீளமும் 9 அங்குலம். ஒரு தாள், ஒரு உருளை, கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை.

பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியோ, நன்றாகக் காய்ந்த ஒரு கட்டையிலிருந்தோ கடையுங்கள். கடைவதற்கு முன்பே நீளவாக்கில் 6 மில்லிமீற்றர் அகலம், 22 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, அதற்குள் இறுக்கமாகப் போகும் ஒரு மரச் சட்டத்தையும் செய்து வையுங்கள். சட்டம் உள்ளே இருக்கும்போதே உருளையைக் கடைந்தால் எல்லாம் ஒரே வட்டமாகிவிடும். பிறகு தாளின் இரண்டு ஓரங்களுக்கும் இடம் வருகிற அளவுக்குச் சட்டத்தை இழைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்குரூ, தலை நன்றாக உள்ளே அமிழ்ந்திருக்க வேண்டும். ஸ்குரூ இல்லாமல் ஓட்டினால் சட்டம் ஒரு நாள் பறக்கும்.

வளைவான பொருள்களுக்கு உருளை கொஞ்சம் மெத்தென்று இருக்க வேண்டும். அப்போது உருளையை 3 மில்லிமீற்றர் குறைத்துக் கடைந்து, பழைய மோட்டார் சைக்கிள் டியூபைக் கீறித் தகடாக ஒட்டி, அதன்மேல் தாளைச் சுற்றுங்கள். தப்புச் சட்டத்தின் உள்வளைவை நான் இப்படித்தான் தேய்க்கிறேன்.

மத்தியானம் இறுக்கமாச் சுத்தின தாள் சாயங்காலம் தொளதொளன்னு ஆயிடுது.

கடதாசி ஈரத்தில் நீளும். பனியடித்த காலையில் சுற்றிய தாள் பகல் வெயிலில் இறுகி வெடிக்கும், வெயிலில் சுற்றியது மாலையில் தளரும். உருளைக்குத் துணி ஒட்டிய சாண்ட் பேப்பர் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் நான்கு கடதாசி உழைக்கிற அளவுக்கு ஒன்று உழைக்கும்.

சுருளாக வருகிற துணிப் பட்டையைச் சரிவாகச் சுற்றி ஒட்டுகிறவர்கள் சுற்றும் திசையைப் பாருங்கள். மரம் படும்போது பட்டையின் ஓரம் அமுங்க வேண்டும், நிமிரக் கூடாது. கையால் உருளைமேல் தடவிப் பார்த்தால் தெரியும்: லேத் சுற்றுகிற திசைக்கு எதிராகத் தடவும்போது விரலில் ஓரம் இடறக் கூடாது.

உருளையைச் சக்குல மட்டும் பிடிச்சு ஓட்டலாமா? டெயில் ஸ்டொக் இடைஞ்சலா இருக்கு.

9 அங்குல உருளைக்கு வேண்டாம். ஒரு முனையை மட்டும் பிடித்து மறுமுனையில் மரத்தை அழுத்தினால், தண்டில் பொருளைக் கவ்விப் பிடிக்கிற சக்கின் வாய் தளரும். லேத்தின் மறுமுனையில் நகர்கிற தாங்கியான டெயில் ஸ்டொக்கின் சுற்றும் முனை மறுபக்கத்தைத் தாங்கட்டும். 2 அங்குலத்துக்குக் குறைந்த குட்டை உருளையைச் சக்கில் மட்டும் பிடிக்கலாம்.

தண்டின் ஓட்டைக்குள் சொருகுகிற மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பில் உருளையை மாட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூம்பு நேராக அழுத்தினால்தான் பிடிக்கும். பக்கவாட்டில் தட்டித் தட்டி அதிர்ந்தால் தானாகக் கழன்று வெளியே வரும். நான் முதலில் செய்த உருளை அப்படித்தான் வந்தது. லேத் படுக்கையில் ஒரு தரம் அடித்து, கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. என் பையன் அப்போதுதான் தேத்தண்ணி வைத்துவிட்டு வெளியே போயிருந்தான். அன்றைக்கே தண்டின் ஓட்டை வழியாகப் பின்னாலிருந்து ஒரு நீள போல்ட் விட்டு, நட் போட்டு இழுத்துக் கட்டினேன். பின்னால் இழுத்துப் பிடிக்கும் போல்ட் இல்லாமல் கூம்பில் எதையும் மாட்டித் தேய்க்காதீர்கள்.

கிண்ணத்தோட உள்பக்கம் தேய்க்கும்போது விரல் சுடுது, கோடு கோடா விழுது. வழி இருக்கா?

இதற்குத்தான் தானே சுற்றும் தேய்ப்பான். ஒரு கைப்பிடி, அதன் தலையில் பெயரிங், பெயரிங்கில் சுற்றுகிற 2 அங்குல வில்லை. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. சுற்றுகிற கிண்ணத்தில் வில்லையின் ஒரு ஓரத்தை மட்டும் தொட்டால் மரமே வில்லையைச் சுழற்றிவிடும். மரமும் சுற்றுகிறது, வில்லையும் சுற்றுகிறது, அதனால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி மறைந்துவிடும். சூடும் ஒரே இடத்தில் தங்காது. கிண்ணத்தில் மயிர்போல வெடிப்பு விழுவது பெரும்பாலும் தேய்க்கும்போது வந்த சூட்டினால்தான்.

செய்முறை: ஸ்கேட்டிங் சப்பாத்திலும் சின்ன மோட்டார்களிலும் இருக்கிற 608 பெயரிங் இரண்டு வேண்டும். உள்ஓட்டை 8 மில்லிமீற்றர், வெளிக்குறுக்களவு 22, தடிப்பு 7. 35 மில்லிமீற்றர் தடித்த கட்டையில் 22 மில்லிமீற்றர் ஓட்டையை இரண்டு பக்கமிருந்தும் போட்டு, நடுவில் கொஞ்சம் மரத்தை விட்டு, பக்கத்துக்கு ஒரு பெயரிங் அழுத்துங்கள். நடு மரத்தில் 10 மில்லிமீற்றர் ஓட்டை, போல்ட் அதில் உரசாது. 8 மில்லிமீற்றர் போல்டை உள்ளே விட்டு, மறுமுனையில் மர வில்லையை முடுக்குங்கள். இந்தத் தலையைப் பத்து அங்குலக் கைப்பிடியில் 45 பாகைச் சரிவாகப் பொருத்துங்கள். வில்லையின் முகத்தில் பழைய ரப்பர் செருப்பின் அடியிலிருந்து வெட்டிய மெத்தை, அதன்மேல் தையல் கடையில் விற்கிற வெல்குரோவின் கொக்கிப் பக்கம். துணிச் சாண்ட் பேப்பரின் முதுகில் ஃபிளானல் துணி ஒட்டி வட்டமாக வெட்டினால் கொக்கியில் பிடித்துக்கொள்ளும்.

பிடிக்க வேண்டிய இடம் உங்கள் பக்கம், நடுமட்டத்துக்குக் கீழே. மேசையைப் பற்றிச் சொன்ன அதே காரணம்தான். லேத் வேகம் 500 அளவில் இருந்தால் போதும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் செருப்பு மெத்தை இளகும், வெல்குரோக் கொக்கியும் உருகும். வில்லை சுற்றாமல் சும்மா வழுக்குகிறது என்றால் முழு முகத்தையும் படவைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் சரியுங்கள். கிண்ணத்தின் நட்டநடுவில் மரத்துக்கு வேகம் இல்லை என்பதால் அங்கே வில்லை நின்றுவிடும். லேத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தைக் கையால் தேயுங்கள்.

பெயரிங் இரண்டு பக்கமும் ரப்பர் மூடியதாக இருந்தால் தூசு போகாது. ஆனால் நுவரெலியா போன்ற இடத்தில் காலைக் குளிரில் உள்ளே இருக்கிற கிரீஸ் இறுகி வில்லை சுற்றச் சோம்பும். மூடியை ஊசியால் எடுத்து, கிரீஸைக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மூடினால் பறக்கும்.

அதுக்குப் பதிலா கை டிரில்லில ஒரு வில்லையை மாட்டினா?

மாட்டலாம், வேகமாகவும் தேய்க்கும். பருமனான வேலைக்கு நல்லது. ஆனால் டிரில்லின் காற்று ஓட்டை வழியாகத் தூசு உள்ளே போய் ஒரு வருடத்தில் டிரில் சாகும். 80, 120 நம்பர்த் தாளுக்கு (நம்பர் கூடக் கூடத் தாள் நைசு) டிரில், 180இலிருந்து மேலே தானே சுற்றும் தேய்ப்பான் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

தாள் நம்பர் எதிலிருந்து எதுவரைக்கும் போகணும்?

80, 120, 180, 240, 320. உளிவேலை சுத்தமாக இருந்தால் 120இல் தொடங்கலாம். ஒன்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள், 80 போட்ட கோட்டை 240 எடுக்காது. தாள் மாற்றுகிறபோதெல்லாம் மரத்தைத் துணியால் துடையுங்கள்.

சவுக்கு தேய்ச்சா ரெண்டு நாள் கை அரிக்குது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. தேயிலைக்கு நிழலாக நிற்கிற நம்முடைய சவுக்கு கிரெவிலியா மரம். யாழ்ப்பாணத்தில் சவுக்கு என்றால் கடற்கரையில் நிற்கிற வேறு மரம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரெவிலியாவில் தோலை அரிக்கவைக்கிற ஒரு பொருள் இருக்கிறது. ஒரு முறை உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு கொஞ்சத் தூசு பட்டாலும் அரிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அப்படியும் வீங்கினால் டாக்டரிடம் காட்டிவிட்டு வேறு மரத்துக்கு மாறுங்கள்.

அரிப்பைவிடப் பெரிய விஷயம் மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசைப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள்களின் முதல் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. மூக்குக்குள் வருகிற புற்றுநோய் அது. நம் பக்கத்தில் குளிருக்கும் மூடுபனிக்கும் பயந்து கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தேய்க்கிறோம், அதுதான் மோசம். குளிர்ந்தாலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். முகத்தில் கட்டுகிற லேஞ்சி பெரிய தூளைத்தான் பிடிக்கும், நுண்ணிய தூசைப் பிடிக்காது. என்95 மாதிரி முகத்தோடு ஒட்டி நிற்கிற மாஸ்க் வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தட்டும் உருளையும் கையைவிட அதிகமாகத் தூசு கிளப்பும்.

மழைக்காலத்துல பெட்டியில வச்ச தாள் சுருண்டு, மண்ணெல்லாம் உதிருது.

மூடியுள்ள பிஸ்கட் தகரத்தில் படுக்கப் போட்டு, மேலே ஒரு பாரம் வையுங்கள். பயன்படுத்துவதற்கு முதல் நாள் அடுப்புக்குப் பக்கத்தில், நெருப்புப் படாத தூரத்தில், தகரத்தோடு வைத்தால் காய்ந்துவிடும். மண் உதிர்கிற தாளின் பசை போய்விட்டது, அதை எறியுங்கள்.

பைனும் பலாவும் தேய்ச்சா தாள் அஞ்சு நிமிசத்துல அடைச்சுக்குது.

பைனில் பிசின், பலாவில் பால். வேகத்தைக் குறையுங்கள், அழுத்தத்தையும் குறையுங்கள். அடைத்த தாளை எறிய வேண்டாம். வெளிநாட்டில் தாளைச் சுத்தம் செய்ய விலைக்கு விற்கிற கட்டி வெறும் கிரேப் ரப்பர்தான். கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆள் தெரிந்தால் ஒரு துண்டு கேளுங்கள், இல்லையென்றால் பழைய கிரேப் அடிச் சப்பாத்தைத் தேடுங்கள். ஓடுகிற தட்டில் அதை அழுத்தினால் அடைப்பு உருண்டை உருண்டையாக வந்துவிடும். மெத்தென்ற ரப்பர் செருப்பால் இதைச் செய்யாதீர்கள். அது இயற்கை ரப்பர் இல்லை, உருகித் தாளில் பூசிக்கொள்ளும். அதன் இடம் வில்லையின் மெத்தை மட்டும்.

தேயிலை வேர் தேய்க்கலாமா?

தேய்க்கலாம், அழகாக வரும். ஆனால் வேர் வளரும்போது சின்னக் கல்லை உள்ளே விழுங்கியிருக்கும். முதலில் தண்ணீரும் கம்பி பிரஷும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இடுக்கெல்லாம் குத்திப் பாருங்கள். வேர் கோணல்மாணலாக இருப்பதால் மேசையில் உட்காராது. தட்டைவிட மெத்தை போட்ட உருளை நல்லது. கண்ணாடி போடாமல் வேரைத் தொடாதீர்கள்.

பழைய வொஷிங் மெஷின் மோட்டார் ஒண்ணு இருக்கு. இதுக்கு ஓடுமா?

கரி பிரஷ் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் கதவுள்ள பழைய மெஷின்கள் பலவற்றில் இருப்பது கரி பிரஷ் மோட்டார். நேராகக் கரண்ட் கொடுத்து, பாரம் இல்லாமல் விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும். மரத் தட்டு அந்த வேகத்தில் சிதறும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் சேர்கிட் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். இரட்டைத் தொட்டி மெஷினின் மோட்டாரில் பிரஷ் இருக்காது, வேகமும் அடக்கம், ஆனால் பலம் போதாது. பழைய தண்ணீர்ப் பம்ப் மோட்டார் அரைக் குதிரைவலு இருந்தால் நல்லது, சுற்று எண்ணிக்கையைத் தகட்டில் பார்த்துவிட்டுப் புல்லியால் குறைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரை எதிர்ப்பக்கம் சுத்தவிட்டா இன்னும் மழமழன்னு வருமாமே?

வரும். சாய்ந்து படுத்த மரமயிரை எதிர்ப்பக்கம் நிமிர்த்தி வெட்டும். ஆனால் ஃபேஸ் பிளேட்டும் சக்கும் தண்டில் மரையால் ஏறியவை. சாதாரணத் திசையில் வேலை அவற்றை இறுக்கும், எதிர்த் திசையில் கழற்றும். பக்கவாட்டில் தண்டைக் கவ்வுகிற சிறு ஸ்குரூ இருக்கும் சக் என்றால் மட்டும், அதை இறுக்கிவிட்டு, வேகத்தைக் குறைத்துச் செய்யுங்கள். மேசை வைக்கிற பக்கமும் அப்போது மாறிவிடும். வீட்டுக் கரண்டில் ஓடுகிற சிங்கிள் பேஸ் மோட்டாரில் திசை மாற்ற உள்வயர் மாற்ற வேண்டும், அதை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

உருளைக்குக் கீழ ஒரு மேசை வச்சுப் பலகையை உள்ளே விட்டா ஒரே தடிப்பா வரும்தானே?

வரும். ஆனால் இந்த இடத்தில்தான் அனுபவசாலிகளும் தவறு செய்கிறார்கள். உருளையின் மேல்பக்கம் உங்களை நோக்கி வந்தால், அடிப்பக்கம் உங்களைவிட்டு விலகிப் போகிறது. மேசை உருளைக்கு அடியில். நீங்கள் நிற்கிற பக்கமிருந்து பலகையைத் தள்ளினால் உருளையும் அதே திசையில் இழுக்கும், பலகை கையைவிட்டு அம்பு மாதிரிப் பின்பக்கம் பாயும். அதனால் பலகையை லேத்தின் பின்பக்கமிருந்து விட வேண்டும், உருளைக்கு எதிராக. லேத்தைச் சுவரோடு சேர்த்து வைத்திருப்பவர்கள் முதலில் அதை வெளியே இழுக்க வேண்டும்.

மேசையின் ஒரு ஓரத்தில் கீல், மறு ஓரத்தில் கீழிருந்து தூக்குகிற போல்ட். போல்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். ஒரு அடிக்குக் குறைந்த பலகையை விடாதீர்கள், கடைசித் துண்டைக் கட்டையால் தள்ளுங்கள், பலகை போகும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. தாள் தளராமல் இருக்க வேண்டியது இங்கே ரொம்ப முக்கியம், அதற்குத் துணித் தாளைப் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள்.

அதே தட்டுல உளியையும் தீட்டிக்கலாமா? ரெண்டு வேலை ஒண்ணா முடியும்.

வேண்டாம். இரும்பு பட்டால் பொறி பறக்கும். லேத்துக்கு அடியில் கிடக்கிற மரத்தூசுக்குள் விழுந்த பொறி உடனே எரியாது, உள்ளுக்குள் கனிந்து நீங்கள் பட்டறையைப் பூட்டிப் போன பிறகு பற்றும். உளி தீட்ட வேறு ஒரு தட்டு செய்து, தூசைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டிய பிறகு மாட்டுங்கள். தேய்க்கப்போகிற பழைய மரத்திலும் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் ஒரு தரம் தடவிப் பாருங்கள்.

தேய்ச்சுத் தேய்ச்சு லேத் படுக்கையே சொரசொரன்னு ஆயிடுச்சு.

சாண்ட் பேப்பரிலிருந்து உதிர்கிற மண் படுக்கையில் விழுந்து, எண்ணெயோடு கலந்து, டெயில் ஸ்டொக்கை நகர்த்துகிறபோதெல்லாம் இரும்பை அராவுகிறது. தேய்ப்பதற்கு முன்னால் படுக்கைமேல் ஒரு பழைய பத்திரிகையை விரியுங்கள். துணி வேண்டாம், சுற்றுகிற உருளை அதைப் பிடித்து இழுக்கும். வேலை முடிந்ததும் பத்திரிகையை மடித்து எடுத்துவிட்டு, படுக்கையைக் காய்ந்த துணியால் துடைத்து, பிறகுதான் எண்ணெய் பூசுங்கள். மழைக்காலத்தில் எண்ணெய் பூசாமல் ஒரு இரவு விட்டாலும் காலையில் துரு சிவந்து நிற்கும்.